ஜிம் ரோம் ஷோ: இந்தக் கேசட் எந்த வருஷத்து ஒலிபரப்பு?

ஜனவரி 9 — வாசகர் கேள்வி

பழைய சாமான்களோடு ஒரு சி-90 கேசட் வந்தது. லேபிளில் "ரோம், எக்ஸ்ட்ரா" என்று மட்டும் எழுதியிருக்கிறது, தேதி கிடையாது. ஏ பக்கத்தில் அமெரிக்க வானொலித் தொகுப்பாளர் ஜிம் ரோமின் விளையாட்டுப் பேச்சு நிகழ்ச்சி. நடுவில் வரும் செய்தித் துணுக்கில் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் ஓய்வு, ஏதோ லாக்அவுட் (அணி முதலாளிகளின் கதவடைப்பு) என்று கேட்கிறது. அப்படியானால் இது 1993 அல்லது 94. நாடு முழுக்கப் போகும் விளம்பரங்களும் டேப்பில் இருக்கின்றன. எனவே ஷோ 1996-ல்தான் தேசிய அளவுக்குப் போனது என்று எல்லோரும் சொல்வது தப்பு, 1994-லேயே போய்விட்டது. அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜிம் எவரெட் ரோமின் மேசையைத் தள்ளிய சண்டையும் அந்த வருஷம்தானே?

ஜனவரி 9, இரவு 10.15

தப்பு. 1996 தான் சரி. அந்த வருஷம்தான் பிரீமியர் ரேடியோ நெட்வொர்க்ஸ் ஷோவை எடுத்து ஊர் ஊராக நிலையங்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. அதுவரை சான் டியேகோவின் 690 ஏஎம் மட்டும்.

எவரெட் சண்டை 1994 ஏப்ரல் 6. ஆனால் அது ரேடியோவே இல்லை. ஈஎஸ்பிஎன்2-ல் ரோம் நடத்திய "டாக்2" என்ற டிவி நிகழ்ச்சி. எவரெட்டை டென்னிஸ் வீராங்கனை கிறிஸ் எவர்ட் பெயரால் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார், மேசை பறந்தது. ஷோவின் வரலாறு எழுதுகிற பாதிப்பேர் இதை ரேடியோ கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். டிவியில் நடந்ததை ரேடியோ டேப்பில் தேடினால் கிடைக்காது.

உங்கள் டேப் எந்த வருஷம் என்பது தனிக் கேள்வி. அதைக் கண்டுபிடிக்க முடியும் என்றே நினைக்கிறேன்.

ஜனவரி 9, இரவு 11.02

690 பற்றி ஒரு விஷயம், பின்னால் உதவும். "சான் டியேகோ ஸ்டேஷன்" என்று நானே மேலே எழுதிவிட்டேன். ஸ்டுடியோதான் சான் டியேகோ. டிரான்ஸ்மிட்டர் எல்லைக்கு அந்தப் பக்கம், பாஹா கலிஃபோர்னியாவில் ரோசாரிட்டோவில். லைசென்ஸ் மெக்சிகோ கொடுத்தது, அழைப்பு எழுத்து எக்ஸ்-ஈ-டி-ஆர்-ஏ. நடுவில் உள்ள ஈ-யை விழுங்கிவிட்டு "எக்ஸ்ட்ரா" என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பகலில் 77,500 வாட், இரவில் 50,000. அமெரிக்க ஏஎம் நிலையம் எதற்கும் 50,000-க்கு மேல் அனுமதி கிடையாது. பகல் சக்தியில் அங்கேயே ஒரு படி மேல்.

அமெரிக்க ஸ்டுடியோவிலிருந்து வெளிநாட்டு டிரான்ஸ்மிட்டருக்கு நிகழ்ச்சி அனுப்பி, அது திரும்ப அமெரிக்காவில் கேட்கும்படி செய்ய வேண்டுமானால் எஃப்சிசி என்ற அமெரிக்க ஒலிபரப்பு ஆணையத்திடம் தனி அனுமதி வாங்க வேண்டும். 1934 தகவல் தொடர்புச் சட்டம், 325-ஆம் பிரிவு. இந்தப் பிரிவு வந்த கதை விளையாட்டை விட ருசியானது. ஆட்டுச் சுரப்பியை மனிதனுக்கு ஒட்டவைத்து ஆண்மை திரும்பும் என்று விற்ற ஜான் பிரிங்க்லி, கன்சாஸ் லைசென்ஸ் பறிபோனதும் 1931-ல் மெக்சிகோவின் வில்லா அகுன்யாவில் எக்ஸ்ஈஆர் நிலையத்தை ஆரம்பித்து, அக்கரையிலிருந்து இக்கரைக்குச் சத்தம் போட்டார். அவரை அடைக்கப் போட்ட பூட்டின் சாவியை வாங்கித்தான் பின்னாளில் கால்பந்துப் பேச்சு நடந்தது.

ஜனவரி 10, காலை

லேபிளில் "எக்ஸ்ட்ரா" என்றிருப்பதால் 690 என்று முடிவு கட்டாதீர்கள். 1997 முதல் லாஸ் ஏஞ்சலிஸில் 1150 ஏஎம்முக்கும் "எக்ஸ்ட்ரா ஸ்போர்ட்ஸ்" என்றே பெயர். அதன் அழைப்பு எழுத்து கே-எக்ஸ்-டி-ஏ. 2005 தொடக்கத்தில் அங்கே விளையாட்டு முடிந்து, அந்தப் பெயர் 570-க்குப் போனது. ஆக "எக்ஸ்ட்ரா" என்ற ஒரு சொல்லுக்கு மூன்று இடங்கள்.

பிரித்துப் பார்க்க ஒரே நல்ல வழி, மணி தொடங்கும் இடத்தில் வரும் நிலைய அறிவிப்பு. அமெரிக்க நிலையம் ஒவ்வொரு மணி நேரமும், மணி மாறும் நேரத்தை ஒட்டி, அழைப்பு எழுத்தையும் லைசென்ஸ் ஊரையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சொல்லியாக வேண்டும். "கேஎக்ஸ்டிஏ, லாஸ் ஏஞ்சலிஸ்" என்று வந்தால் 1150. ஸ்பானிஷில் வேகமாக ஒரு வரி ஓடி "டிஹுவானா" என்று முடிந்தால் 690.

கேட்பதற்கு முன்:

டேப்பை ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றுங்கள். பல வருஷம் இறுகிக் கிடந்த டேப் நேராக ஓட்டினால் திணறும். டெக்கில் டேப்பைப் படிக்கும் தலையை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, காயவிட்டு ஓட்டுங்கள். சத்தம் மங்கலாக, போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருந்தால் அசிமத், அதாவது டேப்புக்குத் தலை நிற்கும் கோணம், சாய்ந்திருக்கிறது. தலையின் இரு பக்கமும் உள்ள திருகுகளில் ஸ்ப்ரிங் வைத்தது எதுவோ அதை மட்டும், காந்தம் ஏறாத திருப்புளியால், இம்மி இம்மியாகத் திருப்பி "ஸ்" சத்தம் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். மற்றத் திருகைத் தொட்டால் தலையின் உயரமே மாறிப்போகும்.

வேகம் சரியா என்று பார்க்க அமெரிக்க மின்சாரமே அளவுகோல். பதிவில் ஒளிந்திருக்கும் ரீங்காரம் 60 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டும். ஏதாவது இலவச ஒலித் தொகுப்பு மென்பொருளில் ஸ்பெக்ட்ரம் பாருங்கள்.

ஜனவரி 10, மதியம்

மேலே சொன்னதில் ஒரு எச்சரிக்கை விட்டுப்போனது. நீங்கள் 50 ஹெர்ட்ஸ் ஊரில் இருந்தால் உங்கள் டெக் தன் பங்குக்கு 50-ல் ஒரு ரீங்காரம் போடும். அது டேப்பில் உள்ளதல்ல. டேப் நிறுத்தியபோதும் அது இருக்கும், அப்படித் தெரிந்துகொள்ளலாம். 60-க்குப் பக்கத்தில் தனியாக நிற்கும் முள்ளைப் பாருங்கள்.

இன்னொரு யோசனை வந்தது: 1990 முதல் அமெரிக்க ஏஎம் நிலையங்கள் ஒலியை 10 கிலோஹெர்ட்ஸில் வெட்டியாக வேண்டும். அந்த வெட்டு தெரிகிறதா என்று பார்க்கலாம்...

ஜனவரி 10, மதியம், பத்து நிமிஷம் கழித்து

அந்த யோசனையை வாபஸ் வாங்குகிறேன். 1993 ஆனாலும் 1999 ஆனாலும் இரண்டும் 1990-க்குப் பிறகுதான், எதையும் பிரிக்காது. போதாததற்கு வீட்டு ஏஎம் ரேடியோ பெரும்பாலும் 3, 4 கிலோஹெர்ட்ஸ் தாண்டி எதையும் விடாது. நிலையம் எங்கே வெட்டியது என்று டேப்பில் தேடுவது, வடிகட்டிய காபியில் தூளைத் தேடுவது.

ஜனவரி 11

கேட்டவர் அளந்து எழுதியிருக்கிறார்: ரீங்காரம் 61.2-ல் நிற்கிறதாம். அதாவது டேப் 2 சதவீதம் வேகமாக ஓடுகிறது. நிகழ்ச்சியில் "இருபது நிமிடம் தாண்டி" என்று சொல்லும் இடத்துக்கும் "நாற்பது நிமிடம் தாண்டி" என்று சொல்லும் இடத்துக்கும் நடுவே 19 நிமிடம் 36 வினாடி. 1.02-ஆல் பெருக்குங்கள், 20 நிமிடம். ரீங்காரக் கணக்கு சரி. அளந்த கைக்கு ஒரு சபாஷ்.

மணி மாறும் இடம் டேப்பில் இல்லையாம். பதிவு செய்தவர் பாஸ் பட்டனை அழுத்திவிட்டார். ஏன் என்று ஊகிக்கலாம். இத்தகைய ஷோக்களில் மணியின் முதல் ஐந்தாறு நிமிடம் செய்திக்குப் போகும், ஷோ 6-ஆம் நிமிடத்தில் ஆரம்பிக்கும். செய்தி வேண்டாம் என்று நிறுத்தியவர், நமக்கு வேண்டிய அறிவிப்பையும் சேர்த்து நிறுத்திவிட்டார்.

ஆனால் அந்த நேர அறிவிப்பையே கவனியுங்கள். "இருபது தாண்டி" என்றாரே தவிர எத்தனை மணிக்கு மேல் இருபது என்று சொல்லவில்லை. லோக்கல் ஷோவானால் "பத்து இருபது" என்று முழுசாகச் சொல்லியிருப்பார். நான்கு நேர மண்டலங்களில் ஓடும் ஷோ மணியைச் சொல்ல முடியாது, நிமிடம் மட்டும்தான் எல்லா ஊருக்கும் பொது. இந்த ஒரு பழக்கமே டேப்பை 1996-க்கு இந்தப் பக்கம் தள்ளுகிறது.

ஜனவரி 11, இரவு

"நாடு முழுக்கப் போகும் விளம்பரம்" பற்றி. சிண்டிகேஷனில், அதாவது ஒரு ஷோவைப் பல ஊர் நிலையங்களுக்கு விநியோகிக்கும் தொழிலில், பெரும்பாலும் காசு கை மாறாது, பண்டமாற்றுதான். நிலையம் ஷோவை இலவசமாக வாங்கும். பதிலுக்கு ஒவ்வொரு மணியிலும் சில நிமிட விளம்பர இடத்தை சிண்டிகேட்டருக்கு விட்டுக்கொடுக்கும். மீதி இடத்தை நிலையம் தன் ஊர் கார் கடைக்கும் மெத்தைக் கடைக்கும் விற்றுக்கொள்ளும்.

இதனால்தான் சிண்டிகேட்டருக்கு நிலையங்களின் எண்ணிக்கை மேல் அவ்வளவு ஆசை. பத்து ஊர் கூடினால் அதே 60 வினாடி விளம்பரத்துக்குக் கூடுதல் விலை. ஆனால் "200 நிலையம்" என்று அச்சடித்த தாளில் பாதி, இரவில் சக்தியைக் குறைக்கும் 1,000 வாட் ஏஎம்மாக இருக்கலாம். எண்ணிக்கையை விட நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ், சிகாகோ மூன்றிலும் இடம் கிடைத்ததா, நேரலையாகவா அல்லது பதிவு செய்து ராத்திரியிலா என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும்.

ஜனவரி 12

"காசு கை மாறாது" என்றதைக் கொஞ்சம் திருத்துகிறேன். பெரிய பெயர் என்றால் நிலையம் பண்டமாற்றோடு கட்டணமும் கொடுக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு, முக்கியமான ஊரில் இடம் பிடிக்க சிண்டிகேட்டரே நிலையத்துக்குப் பணம் கட்டுவதும் நடக்கும்.

இன்னொரு கோணம்: நிலையமும் சிண்டிகேட்டரும் ஒரே வீட்டுக்காரர் என்றால் பேரமே இல்லை. 690-ஐ நடத்திய நோபிள் என்ற கம்பெனியை 1996-ல் ஜேகோர் என்ற கம்பெனி வாங்கியது, 1997-ல் பிரீமியரையும் ஜேகோர் வாங்கியது, 1999-ல் ஜேகோரை கிளியர் சேனல் விழுங்கியது. ஷோ பரவிய வேகத்தில் ஜிம் ரோமின் நாக்குக்கு எவ்வளவு பங்கோ, இந்த மூன்று பத்திரப்பதிவுக்கும் அவ்வளவு பங்கு என்பது என் கணக்கு. அமெரிக்காவில் ஒரு கம்பெனி எத்தனை நிலையம் வைத்திருக்கலாம் என்ற தேசிய உச்சவரம்பை 1996 சட்டம் நீக்கியது. ஷோ அதே வருஷம் வெளியூர் போனதில் ஆச்சரியம் இல்லை.

ஜனவரி 13, காலை

லாக்அவுட்டுக்கு வருவோம். 1993-க்குப் பிறகு, தொண்ணூறுகளில் ஆட்டங்களை ரத்தாக்கிய நிறுத்தம் என்றால் மூன்று:

பேஸ்பால், 1994 ஆகஸ்ட் 12 முதல். அது வீரர்கள் செய்த வேலைநிறுத்தம். செய்தி வாசிப்பவர் அதை லாக்அவுட் என்று சொல்லவே மாட்டார். முதலாளி கதவைப் பூட்டினால்தான் லாக்அவுட்.

ஐஸ் ஹாக்கி, 1994 அக்டோபர் 1 முதல் 1995 ஜனவரி 11 வரை. பிறகு ஒவ்வொரு அணிக்கும் 48 ஆட்டம் மட்டும்.

கூடைப்பந்து, 1998 ஜூலை 1 முதல். 1999 ஜனவரி 6-ல் உடன்பாடு, பிப்ரவரி 5-ல் ஆட்டம் தொடக்கம், ஒவ்வொரு அணிக்கும் 50.

ஜோர்டன் ஓய்வும் ஒன்றல்ல. 1993 அக்டோபர் 6, பிறகு 1999 ஜனவரி 13, பிறகு 2003. மனிதர் ஓய்வு பெறுவதில் ஓய்வே எடுக்கவில்லை. 1993 அக்டோபரில் கூடைப்பந்திலோ ஹாக்கியிலோ லாக்அவுட் இல்லை. எனவே இரண்டும் ஒரே செய்தித் துணுக்கில் வர ஒரே ஒரு வாரம்தான் பொருந்தும்.

கேட்டவர் திரும்பக் கேட்டுச் சொல்லுங்கள்: எண் ஏதாவது வருகிறதா, 48-ஆ 50-ஆ?

ஜனவரி 13, இரவு

ஐம்பதுதானாம். கூடவே லாஸ் ஏஞ்சலிஸ் கூடைப்பந்து அணியான லேக்கர்ஸின் டிக்கெட் விளம்பரத்தில் அரங்கின் பெயர் "கிரேட் வெஸ்டர்ன் ஃபோரம்" என்று வருகிறதாம். லேக்கர்ஸ் 1999 இலையுதிர் காலத்தில் ஸ்டேபிள்ஸ் சென்டர் என்ற புது அரங்குக்குக் குடிபோனார்கள். கச்சிதம். லேக்கர்ஸ் டிக்கெட்டை இவ்வளவு மும்முரமாக விற்பது லாஸ் ஏஞ்சலிஸ் நிலையம்தான், எனவே 1150.

ஓய்வுச் செய்தி "நேற்று" என்று வருகிறது. ஜனவரி 13 புதன்கிழமை. ஆக டேப் 1999 ஜனவரி 14, வியாழன். நேரம்: ஷோ பசிபிக் நேரம் காலை 9 முதல் 12 வரை நேரலை.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம்: பழைய நிகழ்ச்சியை மறுபடி ஓட்டியிருந்தால்? விடுமுறை நாட்களில் எல்லா ஷோவும் அதைச் செய்யும். ஆனால் தேதி நமக்குக் கிடைத்தது ஷோவிலிருந்து அல்ல, நடுவில் நிலையம் தானே வாசித்த துணுக்கிலிருந்து. அது அன்றன்றைக்கு வாசிப்பது. எந்தப் பழைய ஒலிபரப்பு ஆனாலும் தேதியை ஷோவுக்குள் தேடாமல் உள்ளூர் இடைவெளியில் தேடுங்கள்.

ஜனவரி 14

கேட்டவருக்குக் கொஞ்சம் வருத்தம் போல. 1994 என்றால் அரிய டேப், 1999 என்றால் சாதாரணம் என்கிறார். அப்படி இல்லை. உள்ளூர் விளம்பரமும் துணுக்கும் வெட்டாமல் கிடைத்த டேப்தான் அரிது. ரசிகர்கள் பெரும்பாலும் அதை எல்லாம் நறுக்கிவிட்டு ஷோவை மட்டும் வைத்துக்கொள்வார்கள்.

ஜனவரி 14, மாலை

யாரோ கேட்டது: இதுதான் முதல் தேசிய விளையாட்டுப் பேச்சு ஷோவா? இல்லவே இல்லை. எண்டர்பிரைஸ் ரேடியோ என்று ஒன்று 1981 ஜனவரி 1-ல் கனெக்டிகட்டில் தொடங்கி, அதே செப்டம்பரில் படுத்தது. ஈஎஸ்பிஎன் ரேடியோ 1992 ஜனவரி 1-ல் வார இறுதி நிகழ்ச்சியாக வந்தது. முழுநேர விளையாட்டு நிலையம் என்றால் நியூயார்க்கின் டபிள்யூஎஃப்ஏஎன், 1987 ஜூலை 1, அலைவரிசை 1050. அடுத்த வருஷம் அக்டோபர் 7-ல் 660-க்கு மாறியது.

இவற்றுக்கும் முன்னால் சிண்டிகேஷன் வேலையை வானமே செய்தது. கிளீவ்லாந்தில் 1100 ஏஎம், 50,000 வாட், பீட் ஃபிராங்க்லின் பேச்சு. இரவில் ஏஎம் அலை அயனி மண்டலத்தில் மோதித் திரும்பும், எனவே "38 மாநிலங்களும் பாதி கனடாவும்" என்று நிலையம் பெருமையடித்துக்கொண்டது. ஆனால் வானம் பகலில் வேலை செய்யாது, வானத்துக்கு யாரும் விளம்பரக் காசும் தர மாட்டார்கள். கிழக்கில் மதியம் 12 மணிக்கு ஓடும் ரோம் ஷோவை அப்படிப் பரப்ப வழியே இல்லை, செயற்கைக்கோள்தான்.

ஜனவரி 16

கேட்டவரின் புது அவதானிப்பு: 31-ஆம் நிமிடத்தில் நான்கு வினாடி மௌனம், பிறகு ஏதோ பொதுநல அறிவிப்பின் பின்பாதி, அப்புறம் பட்டென்று ஒரு மெத்தை விளம்பரம் நடுவிலிருந்து. "டேப் பழுதா?" என்கிறார்.

டேப் நன்றாக இருக்கிறது. கோட்டை விட்டது நிலையம். செயற்கைக்கோள் வழியாக ஒலியோடு ஒரு கட்டளையும் வரும். நிலையத்தின் ரிசீவர் பின்னால் சின்ன ரிலே முனைகள் உண்டு. நெட்வொர்க் "இப்போது உள்ளூர் இடைவெளி" என்றதும் ஒரு ரிலே ஒரு நொடிக்கும் குறைவாக மூடித் திறக்கும். அந்த முனைகளிலிருந்து இரண்டு கம்பி நிலையத்தின் ஆட்டோமேஷன் கம்ப்யூட்டருக்குப் போகும். அது மூடுவதைப் பார்த்ததும் நெட்வொர்க் ஒலியை மூடிவிட்டு உள்ளூர் விளம்பரங்களை வரிசையாக ஓட்டும். உள்ளூர் ஆள் விற்காத இடத்தை நிரப்ப நெட்வொர்க் அடியில் ஒரு பொதுநல அறிவிப்பு ஓட்டிக்கொண்டே இருக்கும்.

தவறும் வழிகள்: கம்பி தளர்ந்து ரிலே மூடியது கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போவது. அப்போது அடியில் ஓடும் பொதுநல அறிவிப்பு வெளியே கேட்கும். உங்கள் டேப்பில் நடந்தது இதுதான். யாரோ ஓடிவந்து கையால் பட்டன் அழுத்தியிருக்கிறார், அந்தப் பதற்றத்தில் மெத்தை விளம்பரம் நடுவிலிருந்து ஏறியிருக்கிறது. இன்னொன்று, நெட்வொர்க் கொடுத்தது இரண்டு நிமிடம், நிலையம் அடைத்தது 2 நிமிடம் 10 வினாடி. திரும்பும்போது ஷோவின் முதல் வாக்கியம் தலையில்லாமல் வரும். இது எந்திரக் கோளாறு அல்ல, விற்பனைப் பிரிவின் பேராசை.

நிலையம் ஷோவை வாங்கும் சி-பேண்ட் செயற்கைக்கோள் டிஷ்ஷுக்கு வருஷத்தில் இரண்டு முறை இன்னொரு எதிரி. மார்ச், அக்டோபரை ஒட்டிச் சில நாட்கள், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நின்று சில நிமிடம் எல்லாவற்றையும் இரைச்சலாக்கும். செயற்கைக்கோள் நிலையத்துக்கு மேற்கே இருந்தால் இது உச்சிக்குப் பிறகு, கிழக்கு ஊர்களில் ஷோ நேரத்திலேயே வரும். உங்கள் டேப் ஜனவரி, சூரியன் மேல் பழி போட வழியில்லை.

ஜனவரி 18

நேரலைப் பேச்சைச் சில வினாடி தாமதித்து ஒலிபரப்பும் டிலே பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். "ஏழு வினாடி" என்பது பழைய டேப் சுருள் காலத்துப் பேச்சுவழக்கு. டிஜிட்டல் கருவிகளில் இன்னும் நீளம் வைக்கலாம்.

வேலை செய்யும் விதம் அழகானது. ஷோ தொடங்கும்போது கருவியில் டிலே பூஜ்யம். பேச்சைக் காதுக்குத் தெரியாத அளவில் இழுத்து இழுத்து மெதுவாக வினாடிகளைச் சேர்க்கும். தொலைபேசியில் வந்தவர் கெட்ட வார்த்தை சொன்னால் தயாரிப்பாளர் டம்ப் பட்டனை அழுத்துவார். சேமித்த வினாடிகள் தூக்கியெறியப்பட்டு, ஒலிபரப்பு நேராக நிகழ்காலத்துக்குக் குதிக்கும். பிறகு மறுபடி சேமிப்பு. அது முடிவதற்குள் அதே ஆள் இன்னொரு முறை வாய் விட்டால் பாதுகாப்பு கிடையாது. அதனால்தான் பெரிய கருவிகளில் சேமிப்பை இரண்டாகப் பிரித்து ஒரு அழுத்தலுக்குப் பாதியை மட்டும் எறிவார்கள்.

ரோம் ஷோவுக்கு இது மற்ற ஷோக்களை விட முக்கியம். அங்கே அழைப்பவர்கள் கேள்வி கேட்பதில்லை, தயார் செய்த வசவை வாசிக்கிறார்கள். விதி ஒன்றே: கருத்து இருக்க வேண்டும், சொதப்பக் கூடாது. சொதப்பினால் பஸ்ஸர் அடித்து வெளியே. 1995 முதல் வருஷம் ஒருமுறை நடக்கும் ஸ்மாக்-ஆஃப் அந்த வசவாளர்களுக்கான திருவிழா. வரிசையில் அழைப்பவர்கள் ரேடியோவை அணைக்க வேண்டும் என்பது ஏன் என்று இப்போது புரியும். தன் குரலையே பல வினாடி தாமதமாகக் கேட்டால் எந்த வசவாளனும் திக்குவான்.

ஜனவரி 20

நேர அட்டவணை பற்றிய கேள்விக்கு: பசிபிக் 9, மலைநாட்டு நேரம் 10, மத்திய நேரம் 11, கிழக்கில் 12. ஏரிசோனா கோடைகாலத்தில் கடிகாரம் மாற்றாது, எனவே ஃபீனிக்ஸில் குளிர்காலத்தில் 10, கோடையில் 9. இண்டியானாவின் பெரும்பகுதி 2006 வரை இதே பிடிவாதம். அங்கே குளிர்காலத்தில் 12, கோடையில் 1.

ஜனவரி 20, பின்னால்

தலைகீழாக எழுதிவிட்டேன். இண்டியானா கோடையில் 11. மற்ற கிழக்கு ஊர்கள் ஒரு மணி முன்னே போகும்போது இவர்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள், எனவே ஷோ இவர்களுக்கு ஒரு மணி முன்னதாக வரும். பழைய செய்தித்தாளின் ரேடியோ பட்டியலைப் பார்த்து "ஷோ நேரம் மாறியது" என்று சிலர் எழுதியிருப்பதும் இந்தக் குழப்பத்தால்தான். ஷோ மாறவில்லை, ஊர்க் கடிகாரம் மாறியது.

ஜனவரி 23

1999-க்குப் பிறகு நடந்ததைக் கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகவே சொல்கிறேன், கம்பெனிப் பெயர்ப்பலகை மாறுவதுதான் பாதிக்கதை.

2012 வரை பிரீமியர். அந்தக் காலத்தின் கடைசிப் பெரிய சம்பவம் 2012 ஜூன் 13-ல் என்பிஏ கூடைப்பந்து லீக்கின் தலைவர் டேவிட் ஸ்டெர்னோடு நடந்த பேட்டி. புது வீரர்களை எந்த அணி முதலில் எடுப்பது என்பதற்கான டிராஃப்ட் குலுக்கலில் ஏமாற்றா என்று ரோம் கேட்க, மனைவியை அடிப்பதை நிறுத்திவிட்டீரா என்ற பழைய பொறிக்கேள்வியை ஸ்டெர்ன் திருப்பி வீசினார். இது ரேடியோ. எவரெட் டிவி. குழப்பாதீர்கள்.

2013 ஜனவரி 2 முதல் சிபிஎஸ் ஸ்போர்ட்ஸ் ரேடியோ. இதை "சிண்டிகேட்டர் மாறினார்" என்று மட்டும் எழுதினால் விஷயம் விட்டுப்போகும். பிரீமியர் கொடுத்தது தனி ஷோ, நிலையம் தன் அட்டவணையில் மூன்று மணியை ஒதுக்கியது. சிபிஎஸ் கொடுத்தது 24 மணி நேர ஓடை, அதில் ரோம் ஒரு துண்டு. நிலையம் காலையில் ஒருவரையும் இரவில் இன்னொருவரையும் அதே குழாயிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஊருக்குத் தனியாக ஆள் வைக்க வசதியில்லாத நிலையத்துக்கு இரண்டாவது ஏற்பாடு சௌகரியம், ஷோவுக்கு மட்டும் தனி மவுசு குறையும்.

பிறகு 2017-ல் சிபிஎஸ் ரேடியோ என்டர்காமோடு சேர்ந்தது, 2021-ல் என்டர்காம் ஆடசி என்று பெயர் மாற்றிக்கொண்டது, 2024 ஏப்ரலில் நெட்வொர்க் இன்ஃபினிட்டி ஸ்போர்ட்ஸ் ஆனது. அதுவரை ரோம் அதே நாற்காலியில்.

டிவி: "ரோம் இஸ் பர்னிங்" ஈஎஸ்பிஎன்னில் தனியாகப் படம் பிடித்த நிகழ்ச்சி. ரேடியோவை அப்படியே காட்டியது அல்ல. ரேடியோ ஷோவே டிவியில் வந்தது 2018-ல், சிபிஎஸ் ஸ்போர்ட்ஸ் நெட்வொர்க்கில். 2025-ல் அந்தப் படக்காட்சி எக்ஸ் தளத்துக்குப் போனது.

ஜனவரி 24

"பழைய ஷோக்கள் ஏன் முழுசாக இணையத்தில் இல்லை?"

இசை. இடைவேளையிலிருந்து திரும்பும்போது வரும் ராக் பாட்டுகளுக்கு அமெரிக்க ஏஎம், எஃப்எம் நிலையங்கள் இசையமைத்தவர்களுக்கு மட்டும் மொத்தமாகப் பணம் கட்டினால் போதும். பாடிய குழுவுக்கும் ரெக்கார்ட் கம்பெனிக்கும் கிடையாது. இணையத்தில் ஓட்டினால் அவர்களுக்கும் தர வேண்டும், தரவிறக்கத்துக்கு வைத்தால் பாட்டுக்குப் பாட்டு தனி அனுமதி. எனவே பாட்காஸ்ட்டில் பாட்டை வெட்டிவிட்டுப் பேச்சை மட்டும் ஒட்டுகிறார்கள். பாட்டின் மேலேயே பேசத் தொடங்கினால் அந்த வாக்கியமும் சேர்ந்து போகும்.

நேரலை ஓடையிலும் ஒரு ஓட்டை உண்டு. 2001 ஏப்ரலில் விளம்பரத்துக்குக் குரல் கொடுக்கும் நடிகர்களின் சங்கம் இணைய ஒலிபரப்புக்குத் தனிக் கூலி கேட்டதும், கிளியர் சேனல் உட்படப் பலர் ஓடைகளையே மூடினார்கள். திரும்ப வந்தபோது ரேடியோ விளம்பரத்தின் மேல் வேறு விளம்பரத்தை மூடி ஓட்டினார்கள். அந்த மூடி ஒரு வினாடி முன்னே பின்னே விழுந்தால் என்ன ஆகும் என்று மெத்தை விளம்பரத்தில் பார்த்தோம்.

ஜனவரி 30

கேட்டவர் பி பக்கத்தையும் ஓட்டிவிட்டார். ரோம் இல்லை, வேறு யாரோ பேசுகிறார்கள், அலை மங்கி மங்கி வருகிறது. நடுவில் திடீரென்று பேச்சு நின்று வாத்தியக் குழுவோடு ஒரு பாட்டு, முன்னும் பின்னும் ஸ்பானிஷ். "யாரோ மேலே பதிவு செய்துவிட்டார்களா?"

இல்லை! அது மெக்சிகோ தேசிய கீதம். அங்குள்ள நிலையங்கள் நள்ளிரவில் ஒலிபரப்பியாக வேண்டும், ஆங்கிலத்தில் பேஸ்பால் பேசிக்கொண்டிருந்தாலும் சரி. ஆக பி பக்கம் அசல் 690, ராத்திரி 12 மணி, தூரத்திலிருந்து பிடித்தது. லேபிளில் "எக்ஸ்ட்ரா" என்று எழுதியவர் இரண்டு பக்கத்துக்கும் சரியாகவே எழுதியிருக்கிறார், இரண்டும் வேறு வேறு நிலையம் என்பதுதான் எழுதவில்லை.

பி பக்கத்துக்கு அசிமத்தைப் புதிதாகச் சரி பாருங்கள், ஏ பக்கத்துக்கு வைத்தது பொருந்தாமல் போகலாம். கீதம் தொடங்கும் நொடியைக் குறித்து அனுப்புங்கள். அது நள்ளிரவு என்பதால், அங்கிருந்து இரு பக்கமும் எண்ணினால் மற்ற துணுக்குகளின் நேரம் ஏறக்குறையக் கிடைக்கும். 2 சதவீதத்தைக் கழிக்க மறக்காதீர்கள்.

ஜனவரி 30, இரவு

கழிக்க இல்லை, கூட்ட. வேகமாக ஓடுகிற டேப்.